உப்பங்கழி ஓரத்தில் ஒரு பாதி பில்

அன்று அந்த மேசையில் ஆறு பேர் இருந்தோம். இந்தப் பக்கம் அப்பா, தங்கை செல்வி, நான். எதிரே தினேஷ், அவனுடைய அப்பா, அம்மா. செல்வியைப் பெண் பார்க்க வந்தவர்கள் அவர்கள். என் அம்மா மட்டும் வரவில்லை. "ஓட்டல்ல வச்சி பொண்ணு காட்டறதுக்கு நான் இன்னாத்துக்கு? அடுப்பா, சட்டியா, அங்க எனக்கு இன்னா வேலை கீது?" என்று கேட்டுவிட்டு, காலையிலேயே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரி வேலைக்குப் போய்விட்டாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், உப்பங்கழியை ஒட்டி எழும்பியிருக்கும் கடைத் தொகுதி அது. கீழே துணிக்கடை, செருப்புக்கடை, பொம்மைக்கடை. மேலே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். தண்ணீருக்கு மேல் நீட்டிக் கட்டி, கண்ணாடி அடைத்த மரத்தளத்தில் மேசை போட்டிருக்கிறார்கள். நான் நியூசிலாந்தில் வெலிங்டனுக்குப் போன மூன்று வருடங்களில் முளைத்தது. அங்கே சந்திக்கலாம் என்று சொன்னது நான்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது, ஏசி இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது என்று காரணங்களை அடுக்கினேன். உண்மைக் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. திருக்கழுக்குன்றம் சாலையில் இறங்கி, தார் ரோடு முடிகிற இடத்தில் எங்கள் காலனி தொடங்கும். அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை, அதை ஒட்டி நாங்களே இறக்கிய ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பு. அதுதான் வீடு. தினேஷ் வீட்டாரும் எங்கள் ஆட்கள்தான். ஆனால் ஒரு தலைமுறை முன்னாலேயே படித்துவிட்டவர்கள். அவன் அப்பாவுக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை, அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறார், பையனுக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. அவர்கள் அந்தச் சாய்ப்புக்குள் குனிந்து வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

செல்விக்கு இருபத்தேழு வயது. செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. தரகர் நம்பர் கொடுத்து, இரண்டு வீட்டுக்கும் தெரிந்தே அவளும் தினேஷும் இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இதற்கு முன் வந்த நான்கு வரன்களில் ஒன்றுக்குக்கூட அவள் வாய் திறந்து சரி என்றதில்லை. இந்த முறை நான் ஊருக்கு வந்து இறங்கிய அன்றே, பெட்டியைக்கூடத் திறக்கவிடாமல் சொன்னாள்: "ணா, இது எப்டியாவது முடியணும்." எனக்கு வியாழக்கிழமை விமானம். சந்திப்பு ஞாயிற்றுக்கிழமை. நான்கு நாளில் ஒரு வாழ்க்கையை முடிவு பண்ணிவிட்டுப் போய்விடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வெலிங்டனில் எல்லாவற்றுக்கும் நேரம் குறித்து, குறித்த நேரத்தில் முடித்துப் பழகிய புத்தி.

வாசலில் காவலாளி எங்கள் பையைத் திறக்கச் சொன்னார். அப்பா நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். பையைத் திறந்து காட்டிக்கொண்டே, "இன்னா அண்ணாத்த, பன்னண்டு மணி நேரமா, எட்டா?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். "பன்னண்டுதான். நின்னுகினே இருக்கணும், சேர் கெடயாது." "எங்களுக்கு சேர் கீது. குந்தினா கேமராவுல பாத்துடுவானுங்க." இருவரும் சிரித்தார்கள். பின்னால் தினேஷ் வீட்டார் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, நான் அப்பாவின் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். இப்போது எழுதும்போது அந்தக் கை கூசுகிறது.

வெலிங்டனிலும் தண்ணீர் ஓரம் இப்படி ஓர் இடம் உண்டு. துறைமுகத்தில் மீனும் இறைச்சியும் வைக்கிற குளிர்கிடங்கில் எனக்கு வேலை. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன். வேலை விட்டு அந்த வழியாகத்தான் நடந்து வீட்டுக்குப் போவேன். காற்று ஆளைத் தூக்கும். பையன்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பலகை மேலிருந்து கடலில் குதிப்பார்கள். அங்கே உட்கார எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பதே எனக்குப் பல மாதங்கள் தெரியாது. கையில் ஒரு காபிக் கோப்பை இல்லாமல் நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. குடித்து முடித்த கோப்பையையும் எறியாமல், ரசீதைப் போல மடியில் வைத்துக்கொண்டிருப்பேன்.

என் முதல் குளிர்காலத்தில், கூட வேலை செய்யும் கிரேக் தன் பிறந்தநாளுக்கு என்னை அந்தத் தண்ணீர் ஓரக் கடை ஒன்றுக்கு அழைத்தான். அழைத்தவன் கொடுப்பான் என்று நான் நினைத்தேன். அவனுக்குச் செலவு வைக்கக் கூடாதே என்று, இருப்பதிலேயே விலை குறைந்த ஒரு சூப்பை மட்டும் வாங்கிக் குடித்தேன். முடிந்ததும் எல்லோரும் எழுந்து கல்லாவில் வரிசையாக நின்று, அவரவர் தின்றதைச் சொல்லி அவரவர் கொடுத்தார்கள். பிறந்தநாள்காரனும் வரிசையில் நின்றான். "சூப் மட்டும்தானா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். "உனக்குச் செலவு வைக்க வேண்டாமென்று" என்றேன். என் இங்கிலீஷில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு, அவன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அன்று ராத்திரி பசியோடு நடந்து வந்தேன். ஆனால் போகப் போக அந்த வழக்கம் எனக்குப் பிடித்துப்போனது. பிடித்தது என்றால் சாதாரணமாக இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா பிறத்தியார் நிலத்தில் வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் நிலக்காரர் ஒருவர் அப்பாவுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தால், திங்கட்கிழமை வேறு யார் கூலி அதிகம் தருகிறேன் என்றாலும் அவர் வயலில்தான் இறங்க வேண்டும். வாங்கிக் கொடுத்தது டீ இல்லை, அப்பாவின் திங்கட்கிழமை. அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, தின்றதற்குத் தானே கொடுத்துவிட்டு, யாருக்கும் எதற்கும் கட்டுப்படாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவது பெரிய விடுதலையாக இருந்தது. ஒருவரை மதிப்பது என்றால் அவரைக் கடனாளி ஆக்காமல் விடுவது. இதுதான் நாகரிகம் என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது.

மேசைக்கு வருகிறேன். முதலில் ஜூஸ் மட்டும் வந்தது. அரை மணி நேரம் வேலை, வெயில், சாலை என்று பேச்சு எதிலும் ஒட்டாமல் போனது. தினேஷ் செல்வியைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் அப்பா, அவன் அம்மாவின் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, என் அப்பாவிடம் கேட்டார்: "அப்புறம் என்ன, சாப்பாடே சொல்லிடலாமா?"

அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "சொல்லுங்க, சொல்லுங்க! தாராளமா சொல்லுங்க!" அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோருக்கும் பசி வந்துவிட்டது போல என்று நான் நினைத்தேன்.

இறால் பிரியாணி, வஞ்சிரம் வறுவல், நண்டு என்று மேசை நிறைந்தது. பேச்சும் நிறைந்தது. தினேஷின் அம்மா செல்வியின் தட்டில் மீனை எடுத்து வைத்து, "எங்க வீட்ல கொழம்பு கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், சொல்லிட்டேன்" என்றார். "நான் செங்கல்பட்டு ஆஸ்டல்ல சாப்டவ அத்த, எதையும் சாப்டுவேன்" என்றாள் செல்வி. எல்லோரும் சிரித்தோம். அவள் "அத்தை" என்று கூப்பிட்டுவிட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பில் வந்தது. வடக்கிலிருந்து வந்த பையன் ஒருவன் அதை மேசையின் நடுவில் வைத்தான். அப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டார். நேற்றே ஏடிஎம்மில் எடுத்து, கவரில் போட்டு வைத்திருந்தார். தினேஷின் அப்பா, "அட, இருங்க, நாங்க குடுக்கறோம்" என்றார். "நல்லா இருக்கே, நீங்க எங்க விருந்தாளி" என்றார் அப்பா. "அப்ப பாதியாவது நாங்க குடுத்துடறோமே" என்றார் அவர்.

நான் உற்சாகமாக, "கரெக்ட் அங்கிள். பாதி பாதி போட்டுக்கலாம், அதான் சரி" என்றேன். பையனிடம் திரும்பி இங்கிலீஷில் சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டு இரண்டு பில்லாகப் போட்டு எடுத்து வந்தான். மொத்தம் நாலாயிரத்து எண்ணூற்று அறுபது, ஆளுக்குப் பாதி. என் வெளிநாட்டுக் கார்டை மெஷினில் வைத்தேன். தினேஷின் அப்பா போனை எடுத்து ஸ்கேன் செய்தார். என் அப்பாவின் கை சட்டைப் பையிலிருந்து வெறுமையாக வெளியே வந்தது. "சரி, போய் கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று அவர்கள் எழுந்துகொண்டார்கள். எவ்வளவு சுலபமாக, யாருக்கும் சங்கடமில்லாமல் முடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே திருப்தி. திரும்புகிற வழியில் வாடகைக் காரில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார், செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வயிறு நிறைந்த அசதி என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

வீட்டு வாசலில் அம்மா சேறு படிந்த காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"சோறு துன்னாங்களா?"

"சாப்ட்டாங்கம்மா. பிரியாணி, மீனு, எல்லாம்."

அம்மாவின் முகம் நிமிர்ந்தது. "கை நனைச்சிட்டாங்களா! அப்ப முடிஞ்சிது போ. துட்டு யாரு, அப்பாதான குடுத்தாரு?"

"இல்லம்மா, பாதி நாங்க, பாதி அவங்க."

அம்மா குவளையைக் கீழே வைத்தாள். "பாதியா? யார்ரா சொன்னது பாதின்னு?"

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஒம் புள்ளதான். வெள்ளக்காரன்" என்றார்.

பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், பலகாரம் தொடுவார்கள், சோறு சாப்பிட மாட்டார்கள். பெண் வீட்டுச் சோற்றில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து நான் பார்த்ததுதான். ஓட்டல் என்பதால், ஏசி என்பதால், அது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. சாப்பாடு சொல்லலாமா என்று கேட்டு அவர்கள் சம்மதத்தைச் சொல்லிவிட்டார்கள். பாதி தருகிறேன் என்றது மரியாதைக்கு. விடவே கூடாது என்று நாங்கள் பில்லைப் பிடுங்கியிருக்க வேண்டும். "நீ துன்னதுக்கு நீயே குடுன்னா இன்னாடா அர்த்தம்?" என்று அம்மா கேட்டாள். "ஒன் ஒறவு எனக்கு வாணாம்னு அர்த்தம்."

செல்வி அப்போதுதான் பேசினாள். "அந்தம்மா பையில பூ வச்சினு இருந்தாங்கணா. சாப்ட்டு முடிச்சிட்டு ஜிப்பத் தொறந்தாங்க, நான் பாத்தேன். நீ பாதின்னு சொன்னதும் மூடிட்டாங்க." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உள்ளே போய் மறுநாளுக்கு யூனிபார்ம் தேய்க்க ஆரம்பித்தாள்.

மறுநாள் தரகர் போன் செய்தார். "உங்களுக்கு இஷ்டமில்லன்னு அவங்க நெனச்சிகினு கீறாங்கபா." நானே தினேஷின் அப்பாவைக் கூப்பிட்டேன். நியூசிலாந்தில் இப்படித்தான், அது மரியாதை என்று பத்து நிமிடம் விளக்கினேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, நல்லபடியா போயிட்டு வாங்க" என்று வைத்துவிட்டார். விளக்க விளக்கக் கணக்குப் பேசுகிறவன் மாதிரியே ஒலித்திருப்பேன். வியாழக்கிழமை வந்தது. போகும்போது செல்வி பெட்டியைத் தூக்க உதவினாள், முகத்தைப் பார்க்கவில்லை. பதினெட்டு மணி நேரப் பயணத்தில் ஒரு பொட்டுத் தூக்கமில்லை. மேலே பறக்கும்போது, விடுதலை என்று நான் மூன்று வருடமாகக் கொண்டாடியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யாருக்கும் கட்டுப்படாதவனுக்குச் சம்பந்தி எப்படிக் கிடைப்பார்?

நான் போன பிறகு நடந்ததைச் செல்விதான் சொன்னாள். தன் வார விடுமுறையில் அப்பா பஸ் ஏறி அணுபுரம் போயிருக்கிறார். குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று, அங்கிருந்த காவலாளியிடம் பேசி, உள்ளே சொல்லியனுப்பி, தினேஷின் அப்பாவை வெளியே வரவழைத்திருக்கிறார். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லையாம். "பையன் ரொம்ப தூரத்துல கீறான், மறந்துட்டான். ஞாயித்துக்கெயம நம்ம வூட்டுக்கு வாங்க. செல்வி அம்மா கையால சாப்டலாம்." அவ்வளவுதான்.

அவர்கள் வந்தார்கள். நான் யார் கண்ணுக்கும் காட்டக்கூடாது என்று நினைத்த அந்த வீட்டுக்கு, பதினான்கு பேராக வேன் பிடித்து வந்தார்கள். ஊரில் மதியம், வெலிங்டனில் இருட்டத் தொடங்கியிருந்தது. செல்வி வீடியோவில் கூப்பிட்டு, போனைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பரிமாறப் போய்விட்டாள். போன் தாழ்வாக இருந்ததால் யார் முகமும் தெரியவில்லை. இலைகள் தெரிந்தன, சோறு தெரிந்தது, பிசைகிற கைகள் தெரிந்தன. எது தினேஷின் கை, எது அவன் அப்பாவின் கை என்று தேடிக்கொண்டிருந்தேன். "தம்பி சாப்ட்டாரா?" என்று ஒரு குரல் கேட்டது. நான் என் தட்டை எடுத்து போனுக்கு முன்னால் காட்டினேன். அங்கே யாரும் திரையைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. தட்டைத் தூக்கிப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன்.

எல்லோரும் போன பிறகு அப்பா போனைக் கையில் எடுத்தார். பூ வைத்தாயிற்று, தை மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள் என்றார். எவ்வளவு ஆச்சு, நான் அனுப்புகிறேன் என்றேன்.

"ஒரு ரூபா அனுப்பாத."

"சும்மா சொல்லுப்பா, தெரிஞ்சிக்கத்தான்."

அவர் விரல் விட்டு எண்ணினார். கறி, அரிசி, வாழையிலை, வாடகை நாற்காலி, ஐஸ்கிரீம். பிறகு, இதில் யாருக்கும் பாதி கிடையாது என்பதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "பதினோராயிரத்து, அறநூத்தி, அம்பது."