நாற்பத்து மூன்று வீடும் 'இல்லை' என்றபோது

"மிக்ஸியைக் கழுவாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? துடைங்க. இது என்ன பச்சைக் குழந்தையா, தினம் குளிப்பாட்ட?"

எங்கள் தெருமுனையில் மிக்ஸி பழுது பார்த்த அக்கா இதைச் சொல்லாத நாளே கிடையாது. கழற்றுவார், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துக் காட்டுவார், அதே பாட்டு. நாங்கள் தலையை ஆட்டிவிட்டு வந்து மறுபடி கழுவுவோம்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஏதோ வெளிநாட்டு உதவியில் பெண்களுக்கு மின்சாதனம் பழுது பார்க்க மூன்று மாதத் தொழில் வகுப்பு நடந்தது. இருபது பேர் சேர்ந்தார்கள். பத்தொன்பது பேர் சான்றிதழைச் சுவரில் மாட்டினார்கள். இவர் ஒருத்தர்தான் மின்கம்பத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்தார். மழை பெய்தால் கடை இல்லை. ஓட்டிப் பார்க்கக் கரண்ட் வேண்டுமென்றால் என் வீட்டு ஜன்னல் வழியாக ஒயர் இழுப்பார்.

போன வருடம் நகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. தெருவோரத் தொழில்காரர்களுக்குக் கரண்ட் இணைப்போடு பெட்டிக்கடை. பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எந்தத் தெருவுக்குக் கடை என்பதை யாரும் நேரில் வந்து பார்த்து முடிவு செய்யவில்லை. ஜனங்கள் போனில் நிரப்பும் படிவம்தான் முடிவு செய்யும்.

அக்கா என் ஜன்னலுக்கு வந்தார். "ஏம்மா, போன்ல ஏதோ கேள்வியெல்லாம் வருமாம். தெருவுல எல்லாரையும் நிரப்பச் சொல்லேன். கடை கெடைச்சா வாஷிங் மெஷினும் ரிப்பேருக்கு எடுத்துடுவேன்."

"அதை என்கிட்ட விடுங்க. ஒரு வீடு பாக்கி இருக்காது" என்றேன்.

அடுப்பில் பால் இருந்தது. ஒரு கண் அதில், ஒரு கண் போனில். ஒன்பதாவது கேள்வி: 'நடைபாதை சார்ந்த சேவை வழங்குநர்களின் பயனாளியாக உள்ளீர்களா?' எவன் எழுதினானோ, வாய்க்குள் நுழையவில்லை. 'ஆம்' என்று தொட்டேன். இன்னும் ஏழு கேள்வி முளைத்தது. 'இல்லை' என்று மாற்றினேன். ஏழும் மறைந்து, 'நன்றி' என்று வந்துவிட்டது.

என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். உடனே தெரு குரூப்பில் போட்டேன்: 'நம்ம மிக்ஸி அக்காவுக்காக எல்லாரும் நிரப்புங்க. ஒன்பதாவதுக்கு இல்லைன்னு போட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்.' கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. நாற்பத்து மூன்று வீடும் அன்றைக்கே நிரப்பியது.

இரண்டு மாதம் கழித்து அக்கா நகராட்சி அனுப்பிய தாளோடு வந்தார்.

"நாப்பத்திமூணு வீடும் பதில் போட்டிருக்கு. நாப்பத்திமூணும் என்கிட்ட வர்றதே இல்லைன்னு போட்டிருக்கு. என் வேலை அவ்ளோ மட்டமாம்மா? மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "அவங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறா இருக்கும்க்கா" என்றேன். இதை எழுதும்போதும் முகம் எரிகிறது.

மறுநாள் நகராட்சிக்குப் போனேன். குமாஸ்தா திரையைத் திருப்பிக் காட்டினார். "தெருவோரத் தொழில்காரங்ககிட்ட போறீங்களான்னுதான் ஒன்பதாவது கேள்வி, எல்லாரும் இல்லைன்னுட்டீங்க. உங்க தெருவுக்குத் தேவை பூஜ்யம். லிஸ்ட் பணம் குடுக்கறவங்களுக்குப் போயாச்சு. முனையில இருக்குற இடம் வண்டி நிறுத்த ஒதுக்கியாச்சு."

"தப்பா போட்டுட்டோம் சார். திருத்துங்க."

"நாப்பத்திமூணு பேருமா தப்பா போட்டீங்க?"

வரிசையில் பின்னால் நின்றவர் சிரித்தார். வீட்டில் என் வீட்டுக்காரர் சிரிக்கக்கூட இல்லை. "ஊர்ல எல்லார் குறையும் கண்ணுக்குத் தெரியும் உனக்கு. ஒரு கேள்வியை முழுசாப் படிக்கத் தெரியலை" என்றார். வேறு நாளாக இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அன்று போய்த் தட்டைக் கழுவினேன்.

அந்த வாரமே முனையில் வெள்ளைக் கோடு போட்டார்கள். அக்கா மேசையை மடக்கிக்கொண்டிருந்தபோது போய் எல்லாவற்றையும் சொன்னேன். பால், குறுக்குவழி, குரூப், எதையும் விடவில்லை. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அந்த ஏழு கேள்வி என்னவாம்?" என்றார்.

குமாஸ்தாவின் திரையில் பார்த்திருந்தேன். எத்தனை வருடமாக அவரிடம் போகிறீர்கள், வேலை திருப்தியா, அவர் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்... ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"சரி, இப்ப பதில் சொல்லு. நானாவது கேட்டுக்கறேன்."

நடுத்தெருவில் நின்று சொன்னேன். பத்தொன்பது வருடம். திருப்தி. அவர் இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்ற இடத்தில் காலடியில் இருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன். அக்கா மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கி, "மறுபக்கம் பிடி" என்றார். சாமான் ஏற்ற வந்து நின்ற வண்டி வரைக்கும் பிடித்தேன்.

அடுத்த கணக்கெடுப்பு இரண்டு வருடம் கழித்துத்தானாம். அதுவரைக்கும் அக்கா பஸ் டிப்போவின் பின்வாசலில், டயர் கடைக்கு எதிரே, நீலத் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. நேற்று மதியம் வரை ஒரே ஒரு இஸ்திரிப்பெட்டிதான் வந்திருந்தது. போய்ப் பாருங்கள். பரிதாபப்பட்டு வெறுங்கையோடு போகாதீர்கள், விரட்டிவிடுவார். வீட்டில் ஓடாமல் கிடக்கும் எதையாவது தூக்கிக்கொண்டு போங்கள். யார் அனுப்பியது என்று கேட்டால் என்னைச் சொல்ல வேண்டாம்.