இயந்திரம் படிக்காத வரி

பாசனக் குழுவின் நீர்முறை இணையப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. கோமதி அக்காவைக் கேட்காமல் நான்தான் அன்று காலை சர்வரில் அந்தப் பக்கத்தை இயக்கும் பிஎச்பி மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன். அவரைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியது அவர் கணவர். "உங்கக்கா போயிட்டா, அம்மிணி. நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி போய்ச் சேரல." காய்ச்சலோடு தோளில் கிடந்த மகளை இறுக்கிக்கொண்டேன்.

கொழிஞ்சாம்பாறை வயல்காரர்களான உங்களுக்கு அந்தப் பக்கத்தைத் தெரியும். எந்த மடைக்கு எப்போது கால்வாய்த் தண்ணீர் என்று அது காட்டாவிட்டால், ஒரே மடைக்கு இரண்டு மண்வெட்டி வந்து நிற்கும். அதைக் கவனித்தது கோமதி அக்காவும் நானும் மட்டும்தான்.

போன வருடம் புது சர்வரில், பிஎச்பி டேட்டாபேஸோடு பேசுவதற்கான எக்ஸ்டென்ஷனை நான் நிறுவினேன். கட்டளைத் திரையில் சோதித்தால் இணைந்தது. பக்கம் மட்டும் வரவில்லை. உங்களில் ஒருவர் அழைத்தார்: "ஏனுங்க, என்ற மடை எப்பங்க? போனைத் தொறந்தா பால் பொங்குன மாதிரி வெள்ளையா இருக்குதுங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கொழந்தை அழுதா எங்க வலிக்குதுன்னு பாக்கறயல்ல? இதையும் கேளு, எந்தக் கோப்பைப் படிக்கறயின்னு."

ஒரே வரியில் சோதனைப் பக்கம் ஒன்றை எழுதித் திறந்தார். அது காட்டிக் கொடுத்தது: கட்டளைத் திரை படிக்கும் அமைப்புக் கோப்பு வேறு, இணையப் பக்கம் படிப்பது வேறு. நான் திருத்தியிருந்தது முதலாவதை. சரியான கோப்பில் எக்ஸ்டென்ஷன் பெயரைச் சேர்த்தேன். அப்போதும் வெள்ளை. சர்வரை நிறுத்தித் தொடங்க மறந்திருந்தேன். "அடுப்புல வெச்சாப் போதுமா கவிதா, பத்த வெக்கோணுமல்ல," என்று சிரித்தார். பக்கம் வந்ததும், சர்வரின் உள்விவரமெல்லாம் காட்டும் சோதனைப் பக்கத்தை அழித்தார். "நம்ம ஊட்டு அலமாரிய ஊரே பாக்கோணுமா?"

அடக்கம் முடிந்து வந்த மாலையில், மகளை மடியில் போட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன். விடிந்தால் மடை திறக்கும். புதிய பதிப்புக்கு எக்ஸ்டென்ஷனை நிறுவினேன். எந்தக் கோப்பைப் படிக்கிறாய் என்று கேட்டேன். ஒன்றும் எழுதாத புதுக் கோப்பைக் காட்டியது. பார்த்து எழுதப் பழையதைத் திறந்தேன். எக்ஸ்டென்ஷன் வரிக்கு மேலே, அரைப்புள்ளி போட்டு ஒரு வரி இருந்தது. அப்படித் தொடங்கும் வரியை இயந்திரம் படிக்காது. திறந்து பார்க்கும் மனிதருக்கானது அது.

"; கவிதா, நிறுத்தித் தொடங்கினயா? பதறாத. பக்கம் வரும். போய்க் கொழந்தையப் பாரு."

புதுக் கோப்பில் எக்ஸ்டென்ஷன் பெயரை எழுதி, சர்வரை நிறுத்தித் தொடங்கினேன். பக்கம் வந்தது. முதல் முறை கோமதி அக்கா வீட்டு வயலுக்கு. துக்க வீட்டிலிருந்து யார் மண்வெட்டி எடுத்து வருவார்கள்? உங்களைக் கேட்காமல் அவர்கள் முறையைக் கருமாதிக்குப் பிறகு தள்ளி வைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இன்னும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். இதை எழுதவே இத்தனை நாளாகிவிட்டது. அந்த வரியைப் புதுக் கோப்பிலும் அரைப்புள்ளியோடு எழுதியிருக்கிறேன். எத்தனை சர்வர் மாறினாலும் அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.