கண்ணை முழுதாக மூடாதவர்கள்

இந்த ஊரில் ஒருவருடைய கையைத் தொடுவதற்கு முன்னால் தொடலாமா என்று கேட்கிறார்கள். நான் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் இது எனக்குப் பழகவில்லை. நான் வேலை பார்ப்பது ஓர் ஆஸ்பத்திரியில், அட்டெண்டராக. செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் வார்டுக்கு வருவார்கள். முதலில் தங்கள் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்கள். பிறகு கட்டிலில் இருப்பவரிடம் அனுமதி கேட்பார்கள். அவர் தலையாட்டிய பிறகுதான் தொடுவார்கள். பார்த்து முடித்ததும் நன்றி சொல்வார்கள். வைத்தியம் பார்க்கிறவர் நோயாளிக்கு நன்றி சொல்வதை நான் நம் பக்கத்தில் எங்கும் பார்த்ததில்லை. முதல் தடவை கேட்டபோது யாருக்குச் சொல்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் வார்டில் காய்ச்சல்காரர்கள் கிடையாது. எலும்பு கூடியவர்கள், புண் ஆறியவர்கள், உயிருக்கு இனிப் பயமில்லாதவர்கள்தான் இங்கே வருவார்கள். ஆனால் வேலைக்கு அவர்களால் போக முடியாது. நடைபழக இரண்டு பக்கமும் கம்பி போட்டிருக்கிறது. மடங்கிய கையை முக்கி எடுக்க வெதுவெதுப்பான மெழுகுத் தொட்டி இருக்கிறது. மணல் மூட்டை தூக்குவதும், மரக்கட்டை அடுக்குவதும், சட்டைப் பித்தான் போடுவதும் இங்கே வைத்தியம். இதை மாணவர்கள் கற்றுக்கொள்ள வேறு நல்ல இடம் இல்லை என்று எங்கள் டாக்டரம்மா சொல்வார். அவர் இங்கிலாந்துக்காரர், ஒல்லியானவர், குரல் உயர்த்தமாட்டார். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயாளியைக் கொடுப்பார். இரண்டு வாரம் கூடவே இருந்து பார்த்து, கடைசியில் ஒரு தாள் எழுத வேண்டும். இவரால் என்ன செய்ய முடியும், என்ன முடியாது, எந்த வேலைக்குத் திரும்பலாம் என்று அதில் இருக்கும். அதில் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால் அந்த ஆளின் பிழைப்பு அதன்படிதான் அமையும்.

நோயாளி தமிழராக இருந்தால் நான் கட்டில் பக்கத்தில் நிற்பேன். நான் அஞ்சாம் வகுப்புவரை படித்தவன். சந்தை மலாய் தெரியும், ஆங்கிலம் காதால் கேட்டது. பிறவியிலேயே எனக்கு அதிகம் பேச வராது. ஆனால் இந்த வேலை எனக்குச் சரியாக இருந்தது. இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் மாற்றிக் கொடுத்தால் போதும். என் பேச்சு என்று அதில் ஒன்றும் இல்லை.

என் வலது கையில் மூன்று விரல்கள் உள்ளே மடங்கியே இருக்கும். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் இருந்தபோது காயப்போட்ட மருந்து தீப்பற்றிக் கொண்டது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் கம்பெனி மேஸ்திரி வீட்டுவாசலில் வந்து நின்று, "கை எப்படிலே இருக்கு?" என்றார். "நல்லாருக்குங்கய்யா" என்றேன். கட்டுக்குள் தசை பச்சையாக இருந்தது. ஆனால் அது தீபாவளி சீசன். நான் வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். கை கெட்டவன் என்று பெயர் வந்துவிட்டால் அடுத்த கம்பெனியிலும் எடுக்க மாட்டார்கள். என் அப்பாவும் மிளகாய்க் காட்டில் கூலிக்கு நின்றபோது இப்படித்தான் பேசுவார். வெள்ளைவேட்டிக்காரர் யார் எதைக் கேட்டாலும் 'நல்லாருக்குங்கய்யா' என்பதுதான் அவருடைய பதில். மறுநாளே நான் வேலைக்குப் போனேன். விரல்கள் அவை பாட்டுக்கு மடங்கி ஆறின. மூன்று வாரம் பலகையில் நீட்டி வைத்துக் கட்டியிருந்தால் நேராகவே இருந்திருக்கும் என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துப் பார்த்துச் சொன்னார். அதைக் கேட்டு நான் வருத்தப்படவில்லை. யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்துக்கு யாரை நோவது?

போன வருஷம் மாடசாமி வந்து சேர்ந்தான். விஸ்வநத்தத்துக்காரன், முப்பது வயதிருக்கும். துறைமுகத்தில் கப்பல் வடம் இழுக்கும்போது உருளைக்கும் வடத்துக்கும் நடுவே வலது கை சிக்கிவிட்டது. எலும்பைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். பார்வைக்குக் கை முழுசாக இருந்தது. ஊரில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் தீப்பெட்டி ஒட்டுகிறார்கள். எப்படியாவது பழைய வேலைக்கே திரும்பிவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பில்லை. மிஸ் லிம் என்ற சீனப்பெண்ணிடம் அவனை ஒப்படைத்திருந்தார்கள். பொறுமையான பெண்.

தாள் எழுதும் நாளன்று காலையில் மாடசாமி என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, நீங்களும் நம்ம பக்கத்து ஊருக்காரகளாப் போயிட்டீக. நான் சொல்றத மட்டும் சொல்லுங்க. ஒங்க கைச்சரக்கு ஒண்ணும் சேக்காதீக."

"நான் என்னத்தச் சேக்கப் போறேன்?"

"அந்தச் சீனப் புள்ள நல்ல புள்ளதான். ஆனா நோட்டும் கையுமால்ல அலையுது. நோட்டுல ஏறுனது எறங்காது, பாத்துக்கிடுங்க."

மிஸ் லிம் வந்தாள். கயிற்றை இழுக்கச் சொன்னாள், இழுத்தான். "போலே?" என்று கேட்டாள். மலாயில் முடியுமா என்று அர்த்தம். "முடியும்னு சொல்லுங்க" என்றான். நான் சொன்னேன். கனமான மூட்டையைத் தூக்கச் சொன்னாள், பல்லைக் கடித்துத் தூக்கினான். பிறகு கண்ணை மூடச் சொல்லி, விரல் விரலாகப் பஞ்சால் தொட்டாள். உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பரீட்சை இது. தொடும்போதெல்லாம் அவன் சரியாக, "தெரியுது" என்றான். அவள் முகம் மலர்ந்து எழுதிக்கொண்டே போனாள்.

நான் பக்கத்தில் நின்றதால் அவன் இமையைப் பார்த்தேன். கீழே ஒரு கோடு திறந்திருந்தது. மிஸ் லிம்முக்கு அது தெரிய நியாயமில்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் வேலை பார்த்தவன், எப்போது தீப்பற்றுமோ என்று கண்ணை முழுதாக மூடமாட்டான். அசதியில் தலை தொங்கினாலும் ஒரு கோடு வெளிச்சம் விட்டே வைத்திருப்பான். எங்கள் ஊரில் இதைச் சாமர்த்தியம் என்றுகூடச் சொல்லமாட்டார்கள், அது அப்படித்தான். மாடசாமியும் இளவயதில் அந்த அறையில் இருந்தவன்.

அடுத்த வாரம் வடம் இழுக்கும் வேலைக்குத் திரும்பலாம் என்று அவள் எழுதிவிட்டாள். டாக்டரம்மா அடுத்த கட்டிலை முடித்துவிட்டு மற்ற மாணவர்களோடு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். வடம் ஒரு கையைப் பிடித்தால் முதலில் வலிக்க வேண்டும், வலித்தால்தான் உருவிக்கொள்ள முடியும். இந்தக் கைக்கு அது தெரியாது. தோள்வரை போன பிறகுதான் தெரியும். நான் சேர்த்துச் சொல்ல மாட்டேன் என்றுதான் ஒப்புக்கொண்டிருந்தேன். அதனால் "மிஸ், ஒரு தடவை" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாடசாமியின் இரண்டு கண்ணையும் என் கையால் பொத்தினேன். என் வலது கையால் பொத்தினால் இடுக்கில் தெரியும். அதனால் இடது கை.

மிஸ் லிம் என்ன செய்வதென்று தெரியாமல் பஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் இன்னும் அவனைத் தொடவே இல்லை.

"தெரியுது" என்றான் மாடசாமி. கொஞ்சம் பொறுத்து, "இதும் தெரியுது" என்றான்.

இதை மொழிபெயர்க்கச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. டாக்டரம்மா அந்தத் தாளை வாங்கி, வேலைக்குத் திரும்பலாம் என்ற வரியை அடித்துவிட்டார். மிஸ் லிம்மைக் கடிந்துகொள்ளவில்லை. இதைக் கற்றுக்கொள்ளத்தான் நீங்கள் இங்கே வருகிறீர்கள், புத்தகத்தில் இது இருக்காது என்று மாணவர்களிடம் சொன்னார்.

மிஸ் லிம் அன்று மத்தியானம் என்னிடம் வந்து, "நான் மாடசாமியிடம் மரியாதையாகத்தானே நடந்துகொண்டேன், ஏன் பொய் சொன்னார்?" என்று மலாயில் கேட்டாள். பொய் இல்லை மிஸ், அது உங்களுக்குக் கொடுத்த மரியாதை என்றேன். அதற்கு மேல் விளக்க என் மலாய் போதவில்லை. அவள் என்ன புரிந்துகொண்டாளோ, மறுநாள் அவனுக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை. "பழத்தக் குடுத்து ஊருக்கு அனுப்பி வைக்காக" என்றான். என்னிடம் அவன் நேராகவே கேட்டான்.

"ஊருக்காரர்னு நம்பினேன். வெள்ளைக்காரம்மாவுக்கு வேல பாத்துட்டீக. அதும் இடக்கையால மூஞ்சியத் தொட்டு."

"கை போயிருமேன்னு பயந்தேன் மாடசாமி."

"போனா என் கைதான போவும்? ஒங்க கை மடங்குனப்ப யாராச்சும் வந்து கண்ணப் பொத்துனாகளா?"

துறைமுகத்தில் அவனுக்கு ஏற்ற இலேசான வேலை இருக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் ஏதோ கொடுத்துக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். விஸ்வநத்தத்தில் இப்போது பட்டாசுக் களத்தில் காயப்போட்டதைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறான் என்று சமீபத்தில் வந்த ஒருவர் சொன்னார். சூடு தெரியாத கையோடு அவன் மருந்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறான். அங்கே பஞ்சை எடுத்துக்கொண்டு யாரும் வரப்போவதில்லை. மதுரைப் பக்கம் இப்போது புதிதாக வைத்தியப் படிப்பு வந்துவிட்டது என்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை வருஷத்துக்கு இரண்டு வாரம் சிவகாசிக்கு அனுப்பினால் என்ன என்று நினைக்கிறேன். வெடி விபத்தில் பிழைத்தவர்களின் புண் ஆறிய கையை அவர்கள் பார்க்க வேண்டும். நல்லாருக்கு என்று சொல்பவரிடம் ஒரு பித்தானைக் கொடுத்துப் போடச் சொல்ல வேண்டும். இதை இங்கே எழுதினால் யார் காதில் விழும் என்று தெரியவில்லை. படிக்கிறவர்களில் யாராவது சொல்லக்கூடிய இடத்தில் இருந்தால் சொல்லுங்கள்.

என் அறையில் என்னோடு தங்கியிருப்பவர்கள் நம் பக்கத்து ஆட்கள். மாடசாமி போன பிறகு, முதுகு வலி, கால் வீக்கம் என்று பேசிக்கொண்டிருப்பவர்கள் நான் உள்ளே வந்தால் பேச்சை மாற்றுகிறார்கள். வார்டிலோ டாக்டரம்மா என்னை மாணவர்களுக்கு 'எங்களில் ஒருவர்' என்று அறிமுகப்படுத்துகிறார். எனக்கு இரண்டுமே கூச்சமாக இருக்கிறது.

இந்தச் செவ்வாய்க்கிழமை சாத்தூர்க்காரர் ஒருவர் கால் சரியில்லாமல் வந்திருந்தார். புது மாணவன் ஒருவன் குனிந்து அவரிடம் வலிக்கிறதா என்று கேட்டான். நான் தமிழில் கேட்டேன். அவர் காட்டிக் கொடுத்துவிடாதே என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்பதைவிட அதில் எது உண்மை என்று தெரிந்துகொள்ள, மாணவனும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரையும் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றேன்.