கைப்பையில் விழாத தனி

தனி ஆவர்த்தனம் என்றால் சென்னையில் காப்பிக்குப் போகிற நேரம் என்று அர்த்தம். பெரிய பாட்டின் நடுவில் பாடகர் ஓய்ந்து, மிருதங்கத்தை மட்டும் தனியாக வாசிக்க விடுவார். அந்த நொடியில் ஹாலில் பாதி நாற்காலிகள் கிறீச்சென்று நகரும். புடவைகள் சரசரக்கும். "ரவா தோசை தீந்துடப் போறது, சீக்கிரம் வாங்கோ" என்று யாராவது யாரையாவது அவசரப்படுத்துவார்கள். நான் மிருதங்கக்காரி. பாதி வாழ்நாள் ஜனங்களின் முதுகைப் பார்த்துத்தான் வாசித்திருக்கிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும், சொல்லுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிசம்பர். தி. நகர் சபா ஒன்றில் மத்தியானக் கச்சேரி. பாடியவள் என் சிநேகிதி. மயிலாப்பூரிலேயே பிறந்து, மயிலாப்பூரிலேயே வாழ்க்கைப்பட்டு, அடையாறு பாலத்தைத் தாண்டினால் வெளியூர் என்று நினைக்கிற ரகம். நான் ஆதம்பாக்கத்திலிருந்து மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருகிற ரகம். பெண் மிருதங்கம் என்றால் பெரிய வித்வான்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த காலத்தில், "எனக்கு இவதான் வாசிப்பா" என்று அவள் ஒருத்திதான் சபாக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

அன்றைய தனிக்காக மாதக்கணக்கில் உழைத்திருந்தேன். ஐந்தைந்தாக எண்ணுகிற கண்ட நடையில் ஒரு கோர்வை, தனியை முடித்துவைக்கிற கணக்கு. முடிந்துவிட்டது என்று எல்லோரும் கைதட்ட ஓங்குகிற இடத்தில் முடியாது. ஒரு மூச்சு விட்டு, திரும்பி, பாட்டு தொடங்குகிற இடத்தில் சரியாக வந்து உட்காரும். வீட்டில் வாசிக்கும்போது பத்துக்கு ஆறு தடவை நொண்டும். அன்றைக்கு நொண்டவில்லை. பாட்டை எடுக்க வேண்டிய சிநேகிதி வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயலின்தான் எடுத்துக் கொடுத்தது. கேட்டவர்கள் ஒரு இருபது முப்பது பேர். மற்றவர்கள் தோசைக்குப் போயிருந்தார்கள்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் சிநேகிதி போன் பண்ணினாள்.

"நம்ம கச்சேரி இன்டர்நெட்டுல இருக்காம்டி. யாரோ ரெக்கார்ட் பண்ணிப் போட்டிருக்கா. அமெரிக்காவுல ஒருத்தர் கேட்டு, இன்னொருத்தருக்கு அனுப்பி, இப்போ அங்கே ஒரு சபாக்காராளே கேட்டுட்டு எங்காத்துக்காரர் ஆபீஸுக்கு மெயில் போட்டிருக்கா. செப்டம்பர்ல பாட வரேளான்னு."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிற வேலை இது. எங்கள் கச்சேரியை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊர் உலகத்துக்கே வாரி இறைத்திருக்கிறார்கள். அப்புறம்தான் கேட்டேன். "சரி, நானும் வரேனா?"

"மிருதங்கத்துக்கு அங்கேயே ஒருத்தர் இருக்காராம்" என்றாள். "பெண் வாசிப்பு பெரிய ஹால்ல எடுபடுமான்னு சந்தேகப்படறா. நான் உன்னைப் பத்தி எழுதினேன்டி. கச்சேரி பூராக் கேட்டோம், பக்கவாத்தியம் சுமாரா இருந்தது, தனின்னு விசேஷமா ஒண்ணும் இல்லையேன்னு பதில் போட்டிருக்கா."

தனி என்று ஒன்றும் இல்லையா? என் காது என்னை ஏமாற்றுகிறது என்று நினைத்தேன்.

மறுநாளே அடையாறில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அரை நாள் உட்கார்ந்தோம் என்றே சொல்லலாம். ஃபைல் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நடுவில் லைன் போய், மறுபடி முதலிலிருந்து. ஒரே ஹெட்போனில் ஆளுக்கொரு காதாகக் கேட்டோம். சிநேகிதியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தாலும் நன்றாகவே இருந்தது. அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. பெரிய பாட்டு வந்தது. ஸ்வரம் பாடி முடித்தாள். இதோ நான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

டக்கென்று ஒரு சத்தம். அடுத்த நொடி வயலின் பாட்டை எடுத்துக் கொடுத்தது.

அவ்வளவுதான். நடுவில் நான் இல்லை. மாதக்கணக்கில் விரல் வெடித்து வாசித்தது, நொண்டாமல் வந்து உட்கார்ந்தது, ஒன்றும் இல்லை. பந்தியில் உட்காரவைத்து இலையைப் பிடுங்கியது போல இருந்தது.

"பெரிய ஃபைல்னா எறங்காது மேடம்" என்றார் சென்டர்காரர். "அதான் வெட்டிக்கீறாங்க. பாட்டு இல்லாத எடமாப் பாத்து வெட்டிருப்பாங்க."

பாட்டு இல்லாத இடம். அவரைக் கோபித்து என்ன பயன். வெளியே வந்ததும் சிநேகிதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்னடி பண்ணட்டும், முதல் தடவையா ஒருத்தர் கூப்பிடறா. நீ இல்லாம போறதுக்கும் மனசில்லை, போகாம இருக்கவும் மனசில்லை." பொய் சொல்லாமல் சொன்னாள். அதனால் அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மே மாதக் கடைசிக்குள் விசாவுக்குப் பெயர்கள் கொடுக்க வேண்டும் என்றாள். வேறு டேப் அனுப்பலாமா என்று கேட்டு எழுதினாள். சிரமப்பட வேண்டாம் என்று பதில் வந்தது. அந்த மரியாதைதான் இன்னும் சுட்டது.

நான் முடிவு பண்ணினேன். வெட்டினவர் கையில் வெட்டாத கேசட் இருக்கும். அவரைப் பிடித்து, என் தனியை வாங்கி, அவள் பாட்டு போன அதே வழியில் அதையும் போகவைக்க வேண்டும். எடுத்துக்கொண்டது போகட்டும். முழுசாகப் போக வேண்டும்.

எப்படிப் பிடிப்பது? ஃபைலில் சிநேகிதி பெயரும் ராகமும் தாளமும்தான் இருந்தன. இன்னொரு தடவை போய்க் கேட்டேன். இந்த முறை பாட்டைக் கேட்கவில்லை, பாட்டுக்குப் பக்கத்தில் கேட்டேன். வளையல் சத்தம் இருந்தது. மைக்குக்கு மிக அருகில், தாளம் போடுகிற ஒரு கை. தட்டில் ஒரு கிணிங், வீச்சில் ஒரு கலகல. அது எல்லா மாமிகளும் செய்வதுதான். ஆனால் இந்தக் கை தாளம் ஒவ்வொரு சுற்று முடியும்போதும் தொடையில் ஒரு தட்டு கூடுதலாகத் தட்டியது. சாப்பாடு போட்டு முடித்ததும் கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டுவோமே, அதுபோல. அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தால் உடும்புப்பிடிதான்.

அதன்பிறகு எந்த ஓசிக் கச்சேரியையும் நான் விடவில்லை. மயிலாப்பூர் பள்ளிக்கூட ஹால், கோபாலபுரத்தில் ஒரு வீட்டு மாடி, தி. நகர் கல்யாண மண்டபம். மேடையைப் பார்க்காமல் பெண்கள் வரிசையின் மடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "யாரைத் தேடறேள்?" என்று கேட்டவர்களிடம், "தொலைஞ்ச சாமானை" என்றேன். பொய் இல்லை.

மார்ச் கடைசியில் அடையாறில் ஒரு கோயில் கச்சேரியில் எனக்குப் பின்வரிசையில் கேட்டது. தட்டு, வீச்சு, கூடுதலாக ஒரு தட்டு. நிதானமாகத் திரும்பினேன். ஐம்பது வயதிருக்கும், காட்டன் புடவை, ஆபீஸிலிருந்து நேராக வந்த களைப்பு, மடியில் ஒரு கறுப்புக் கைப்பை. பையின் ஜிப் இரண்டு விரல் அளவு திறந்திருந்தது. எழுந்து போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். தனி தொடங்கியது. அவர் பையின் வாய்க்குள் கட்டைவிரலை விட்டார். டக். அதே சத்தம். எழுந்து காப்பிக்குப் போனார்.

பின்னாலேயே போனேன்.

"ரெக்கார்டர் பையிலதானே இருக்கு?"

பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "நீங்க யாருங்க?"

"தி. நகர்ல டிசம்பர்ல நீங்க நிறுத்தினீங்களே, அந்த மிருதங்கம்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. கோயில்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்றார். மகள் கல்யாணமாகி அமெரிக்கா போய்விட்டாள், அங்கே பனியில் ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள், அவளுக்காகத்தான் எடுக்கிறேன், மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர், நாலு பேர் கேட்கட்டுமே என்று அவர்தான் நெட்டில் போட்டார் என்றார்.

"நாலு பேர் கேக்கட்டும். எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவருக்கும் ரோஷம் வந்தது. "எங்கே போய்க் கேக்கறது? அந்தப் பொண்ணு பாடின கேசட் இருக்கான்னு கடை கடையா ஏறி இறங்கினேன். ஒண்ணுகூட இல்ல. நான் எடுக்கலைன்னா அப்படி ஒருத்தி பாடறான்னே என் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது."

அது முழு உண்மை. எந்தக் கம்பெனியும் எங்களைச் சீந்தவில்லை. இந்தத் திருட்டுக் கைப்பைதான் என் சிநேகிதியை அமெரிக்கா வரை கொண்டுபோனது. அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

"சரிம்மா. அந்தத் தனி இருக்கிற முழு கேசட்டைக் கொடுங்க. காப்பி எடுத்துட்டுத் திருப்பித் தந்துடறேன்."

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "தனியா? அது இல்லைங்க. தொண்ணூறு நிமிஷ கேசட்தானே, பாட்டெல்லாம் அடங்கணுமே. தனி வந்தா நிறுத்திட்டு எழுந்து போயிடுவேன், முடியற நேரத்துக்கு வந்து மறுபடி போடுவேன். எல்லாரும் போறாங்க இல்ல?"

யாரும் வெட்டவில்லை. எடுக்கவே இல்லை. அந்தத் தனி எங்கேயும் இல்லை. காப்பிக்கடை ஓரத்தில், சுண்டல் பொட்டலத்தோடு போகிறவர்கள் வருகிறவர்களுக்கு நடுவில் எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. அந்த அம்மாள் தன் புடவைத் தலைப்பைக் கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "நான் என்ன பாவம் பண்ணிட்டேன்" என்று அவர் பாட்டுக்கு முணுமுணுத்தார்.

மூக்கைச் சிந்திவிட்டு நான் சொன்னேன். "அழுது என்ன ஆகப்போகுது. ராமநவமிக்கு எங்களுக்கு மயிலாப்பூர்ல கச்சேரி இருக்கு. நீங்க முதல் வரிசையில உக்காரணும். ரெண்டு கேசட் கொண்டாங்க. வளையலைக் கழட்டி வெச்சுட்டு வாங்க. பிளாஸ்க்ல காப்பி நான் கொண்டு வரேன். தனி வந்தா எழுந்திருக்கக்கூடாது. திருடறதுதான் திருடறீங்க, முழுசாத் திருடுங்க."

சொல்லிவிட்டு வந்துவிட்டேனே தவிர, பயம் பிடித்துக்கொண்டது. பத்துக்கு ஆறு தடவை நொண்டுகிற கோர்வை. டிசம்பரில் வந்தது என்பதற்காக ஏப்ரலிலும் வருமா? காலையில் குக்கர் வைத்துவிட்டு வாசித்தேன், சாயந்திரம் துணி மடித்துவிட்டு வாசித்தேன். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "அதே இடத்துலயே ஏன்மா திரும்பத் திரும்ப அடிக்கறீங்க?" என்றார். "அது விழற வரைக்கும் அடிப்பேன் சார்" என்றேன்.

ராமநவமிக் கச்சேரி ஒரு கொட்டகையில். வெயில் இறங்காத சாயந்திரம், பானகமும் நீர்மோரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் சொன்னபடி முதல் வரிசையில், வளையல் இல்லாத கையோடு, மடியில் பையோடு. தனி வந்தது. வழக்கம்போல நாற்காலிகள் நகர்ந்தன. பானகத்துக்குப் பெரிய வரிசை நின்றது. அவர் நகரவில்லை. பிளாஸ்க்கைத் திறக்கக்கூட இல்லை. நான் அவர் பையைப் பார்த்துத்தான் வாசித்தேன். ஊர் முதுகைக் காட்டட்டும், அந்தப் பை எனக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கோர்வை வந்தது. ஓங்கின கைகளை ஏமாற்றி, மூச்சு விட்டு, திரும்பி, இடத்தில் வந்து உட்கார்ந்தது. சிநேகிதி இந்த முறை தப்பாமல் பாட்டை எடுத்தாள், கண்ணில் தண்ணீரோடு.

மகளும் மாப்பிள்ளையும் அந்தத் தனியை மட்டும் ஒரு ஃபைலாகப் போட்டார்கள். என் பெயரைச் சேர்க்கச் சொல்லியிருந்தேன். ஆனால் அங்கே பாடுகிறவர் பெயரை மட்டும் போடுகிற பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. பாடகி பெயர், ராகம், தாளம், மிருதங்கத் தனி. என் பெயர் இல்லை. போய்க் கேட்டேன். ஃபைலில் வளையல் சத்தம் இல்லாவிட்டாலும் தொடையில் அந்தக் கூடுதல் தட்டு மட்டும் அப்படியே விழுந்திருந்தது.

மே பிறந்தது. சிநேகிதி ஓட்டமாக வந்து என்னை பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப் போனாள். அமெரிக்க சபாவின் மெயில் வந்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை அவள் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். உங்கள் ராமநவமிக் கச்சேரியின் தனியை இங்கே எல்லோரும் கேட்டோம். எங்கள் கமிட்டியில் வாசிக்கத் தெரிந்தவர்கள் அதை நிறுத்தி நிறுத்திக் கேட்டார்கள். வழக்கமாக வாசிக்கிற அந்த அம்மாளை விட்டுவிட்டு, அன்றைக்கு வாசித்த இந்தப் பையனை அழைத்து வர முடியுமா? என்ன திடமான கை. அவன் வருவதென்றால் இங்கே ஏற்பாடு செய்த மிருதங்கக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம்.

சிநேகிதி என் முகத்தைப் பார்க்கப் பயந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. வெடித்த விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

"பதில் அடி" என்றேன்.

"என்னன்னுடி?"

"பையன் வருவான். ஆனா புடவை கட்டிக்கிட்டுதான் வாசிப்பான். சம்மதமான்னு கேளு."

அவள் அப்படியே அடித்தாள். கீழே என் பெயரை முழுசாக, ஊரோடு சேர்த்து அடிக்கச் சொன்னேன்.

பதில் வர இரண்டு வாரம் ஆனது. வந்ததில் முக்கால்வாசி மன்னிப்பு. கடைசி வரியில் என் பாஸ்போர்ட் நம்பரைக் கேட்டிருந்தார்கள். என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. மறுநாள் விடியற்காலையில் போய் பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் நின்றேன்.