பொங்கலன்று பிரித்த தபால் பை

வளப்பூர் நாடு என்ற மலைக் கிராமத்தில் ஒரு சின்ன கிளைத் தபாலாபீசைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் சொந்த ஊர் மலைக்குக் கீழே, ராசிபுரம் பக்கம்.

ஒரு வருடம் பொங்கலுக்கு முந்தின நாள் தபால் பை கடைசி பஸ்ஸில்தான் வந்தது. எதையும் கொண்டுபோய்க் கொடுக்க முடியவில்லை. மறுநாள் காலையில் ஒரு ரிசார்ட் முதலாளி ஆபீசை ஒட்டி நான் குடியிருந்த வீட்டுக்குக் காரில் வந்து தன் ஷூ பார்சலைக் கேட்டார். "இன்னைக்கு லீவுங்க, திறந்ததும் வாங்கிக்குங்க" என்றேன். அவர் முறைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது பொன்னம்மா அக்கா மூச்சிரைக்க வந்தார். அவர் மகளுக்கு வலிப்பு நோய். சேலத்திலிருந்து அக்காவின் தம்பி அனுப்பிய மாத்திரை அந்தப் பையில் இருந்தது.

"ஏனுங்க, ஊட்டுல இருந்தது காலையோட தீந்துருச்சுங்க. ராத்திரிக்கு ஒண்ணுமில்லீங்க."

ஆபீசைத் திறந்தேன். பையைப் பிரித்து மாத்திரையைக் கொடுத்தேன்.

"எனக்கு மட்டும்தான் லீவா?" என்றார் முதலாளி.

"ஆமாங்க. உங்க ஷூ காத்திருக்கும். வலிப்பு காத்திருக்காதுங்க."

லீவு நாளில் பையைப் பிரித்தேன் என்று புகார் போனது. மேலதிகாரி போனில் கூப்பிட்டார். "விதி தெரியாம செஞ்சுட்டேன்னு எழுதிக் குடுங்கம்மா. இதோட முடிச்சுடலாம்."

"தெரிஞ்சுதான் சார் செஞ்சேன்" என்றேன். அப்படியே எழுதியும் கொடுத்தேன்.

அதற்கு வந்த எச்சரிக்கை இன்னும் என் பணிப் பதிவேட்டில் இருக்கிறது. இருக்கட்டும். லீவு நாளில் யார் வந்து அதட்டினாலும் நான் திறக்க மாட்டேன். மருந்து என்று யாராவது வந்து நின்றால், எந்தப் பண்டிகையானாலும் திறப்பேன்.