வாசகர் பதிவேட்டில் எழுதிய வரி

2025 ஜூன் 10, செவ்வாய். காலை எட்டு மணிக்கு, சூளகிரியில் நான் பணிபுரியும் நூலகத்தைத் திறந்தேன். நாளிதழ்களை அடுக்கி, வாசகர் பதிவேட்டில் தேதி எழுதி மேசைமேல் வைத்தேன். பதினொன்றரைக்குப் பூட்டி, மாலை நான்கு மணிக்கு மறுபடி திறந்தேன்.

நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு அவன் வந்தான். பதினேழு வயது. நண்பர்களோடு ஒரு பைக்கைத் திருடி, அத்திப்பள்ளியில் விற்கப் போய்ப் பிடிபட்டவன். இளைஞர் நீதிக் குழுமம் அவனைச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பவில்லை. வீட்டில் இருந்தபடியே மூன்று மாதம், மாலைகளில் நூலகத்தில் வேலை செய்யச் சொல்லியிருந்தது. விஷயம் யாருக்கும் தெரியக் கூடாது என்று நன்னடத்தை அலுவலர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவன் வருகையைக் குறிக்கத் தனி நோட்டு உண்டு. அறிக்கைக்காக அதை அவர் திங்களன்று வாங்கிப் போயிருந்தார்.

நேரத்தை எழுதாமல் விட எனக்கு மனம் வராது. வாசகர் பதிவேட்டில் அவன் பெயரை எழுதினேன். வந்த நோக்கம் என்ற கட்டத்தில் ‘இளைஞர் நீதிக் குழும உத்தரவுப்படி பணி’ என்றும் எழுதினேன். ஒரு துண்டுத்தாள் போதுமே என்று தோன்றவில்லை.

நாலே முக்காலுக்கு ஒப்பந்தக்காரர் வந்து, அதற்கு அடுத்த வரியில் கையெழுத்துப் போட்டார். தொழிற்பேட்டைக்கு ஆள் அனுப்புகிறவர். தினமும் பேப்பர் படிக்க வருவார். அடுத்த மாதம் பதினெட்டு வயது முடிந்ததும் கம்பெனியில் சேர்த்துவிடுவதாகப் பையனிடம் அவரே சொல்லியிருந்தார்.

புத்தகங்களோடு மேசைக்கு வந்த பையன் பக்கத்தைப் பார்த்துவிட்டான்.

“மேடம், அவரு படிச்சிட்டாரா?”

“தெரியல.”

பதிவேட்டின்மேல் ஒரு நாளிதழை விரித்து வைத்தேன். ஒரு மணி நேரம் வேறு வேலை ஓடவில்லை. ஐந்து ஐம்பதுக்கு அவர் எழுந்தார்.

“ரிஜிஸ்டர் எங்கீங்க? போற நேரம் எழுதணும்.”

“நானே நேரம் போட்டுக்கிறேன்.”

“ஒரு நிமிசம் மாத்தி எழுதுனாலே சண்டைக்கு வருவீங்க. இன்னிக்கு எனக்கு மட்டும் சலுகையா?” சிரித்தபடி பேப்பருக்கு அடியிலிருந்து பதிவேட்டை இழுத்தார். பேனா நின்றது. பையன் நின்ற அலமாரிப் பக்கம் பார்த்தார்.

“பைக் கேசுல மாட்டுன பசங்கள்ல இவனும் ஒருத்தனா?”

“சட்டப்படி இது எந்த வேலைக்கும் தடை இல்லீங்க. வெளிய தெரிய விடறதுதான் தப்பு. அதை நான் பண்ணிட்டேன்.”

“நாளைக்குக் கம்பெனில ஒரு போல்ட்டு காணோம்னாலும் என் சட்டையத்தான் புடிப்பாங்க, மேடம்.”

நேரம் எழுதாமலே போய்விட்டார்.

பையன் ஆறு வரை இருந்து, மீதிப் புத்தகங்களுக்கும் லேபிள் ஒட்டி முடித்தான்.

“நாளைக்கு வரணுமா மேடம்?”

“வரணும்.”

“எதுல எழுதுவீங்க?”



மறுநாள் காலை ஆறரைக்கு, முதல் வேலையாக, நெடுஞ்சாலையில் அவருடைய வேன் ஆள் ஏற்றும் இடத்துக்குப் போனேன். பத்துப் பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். “அந்தப் பையன் விஷயமா...” என்று நான் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இவங்க முன்னால வேணாம், மேடம். இவங்களுக்கு எதுவும் தெரியாது” என்று என்னை வேனுக்குப் பின்புறம் அழைத்துப் போனார்.