அம்மாவின் வருஷ வருமானம்

கோர்ட்டுக்குப் போகிறோம் என்று அம்மா சொன்னதும் நான் ஸ்கூல் யூனிஃபார்மை மாட்டி, டை, பெல்ட், ஐ.டி. கார்டு சகிதம் வாசலில் வந்து நின்றேன். அன்றைக்கு எனக்கு ஸ்கூல் லீவு வேறு. பத்து வயசு. பெரிய இடத்துக்குப் போனால் உடுப்போடுதான் போக வேண்டும் என்பது நைனாவிடம் கற்றது. அவர் பட்டாளத்தில் ஹவில்தார். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட மிலிட்டரி உடுப்பில் போய், மாப்பிள்ளையைவிட அதிக போட்டோவில் நிற்கிற ஆள்.

அவருக்கும் அம்மாவுக்கும் விவாகரத்து ஆகி அப்போது ஒரு வருஷம். ஏன், எதற்கு என்பதையெல்லாம் இங்கே விரிக்கப் போவதில்லை. சித்தூர் கோர்ட்டில் இப்போது நடந்துகொண்டிருந்தது எங்கள் கேஸ். எங்கள் என்றால் என்னுடையதும் என் தம்பியுடையதும். நைனா எங்கள் ரெண்டு பேருக்கும் மாசாமாசம் எவ்வளவு தர வேண்டும் என்பதை ஜட்ஜ் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். கணக்கு என்றால் எனக்கு உயிர். அதனால் அந்தக் கேஸ்மேல் எனக்கு ஒரு தனி மரியாதையே இருந்தது.

நாங்கள் பங்காருபாளையத்தில் பெரியம்மா வீட்டை ஒட்டின ஒரு ரூமில் குடியிருந்தோம். அம்மா மாங்காய் மண்டியில் வேலை பார்த்தாள். லோடு வந்து இறங்கினால் காய்களைத் தரம் பார்த்துப் பிரித்துக் கூடையில் அடுக்க வேண்டும். சீசன் ரெண்டு மாசம். மற்ற மாசங்களில் வேர்க்கடலைக் காட்டில் களையெடுப்பு, யாராவது கூப்பிட்டால் நாற்று நடவு, கூப்பிடாவிட்டால் வீடு.

அந்த சீசன் நடுவில்தான் நைனா லீவில் வந்தார். லீவில் வந்தால் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம் என்று விவாகரத்தின்போதே பேசி வைத்திருந்தார்கள். என்னையும் தம்பியையும் திருப்பதியில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனார். நைனாவின் அக்கா. பிரியாணி செய்திருந்தாள். கறியை அள்ளித் தட்டில் போட்டபடியே ஆரம்பித்தாள்.

"நல்லா துன்னுங்கடா. மண்டியில மாங்கா பொறுக்கிகினு கெடக்கிறவ உங்களுக்கு இன்னாத்த ஆக்கிப் போடப்போறா?"

எனக்குச் சுருக்கென்றது. "எங்கம்மா பொறுக்கல. தரம் பிரிக்குது."

"அடேங்கப்பா, தரம் பிரிக்கிற ஆபீசரம்மாவா! அதுக்கு எவ்ளோ தராங்களாம், அஞ்சா, பத்தா?"

"பகலுக்கு இருநூறு. நைட்ல லோடு வந்தா இன்னும் நூத்தம்பது. உனுக்கு தெரியுமா அத்தே?"

அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்த நைனா தலையைத் தூக்கினார்.

"அப்டின்னா மாசத்துக்கு எவ்ளோ ஆவுது கண்ணு?"

"இரு நைனா, போட்டு சொல்றேன்."

அத்தையின் மளிகை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தன் பேனாவையும் கொடுத்தார். எங்கள் பாடப் புத்தகத்தில் இந்தக் கணக்கு வருஷாவருஷம் வரும். ஒரு ஆளின் ஒருநாள் கூலி இவ்வளவு, மாத வருமானம் என்ன, ஆண்டு வருமானம் என்ன? முப்பதால் பெருக்கு, பன்னிரண்டால் பெருக்கு, முடிந்தது. அந்தப் புத்தகத்துக் கூலியாளுக்கு சீசன் கிடையாது, மழை கிடையாது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் உட்கார்ந்த நாள் கிடையாது. நானும் அப்படியே போட்டேன். இருநூறும் நூத்தம்பதும் முந்நூத்தம்பது. மாசத்துக்குப் பத்தாயிரத்து ஐநூறு. வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம். லட்சம் என்று வந்ததும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் வீட்டில் லட்சம்! விடையைச் சுற்றிக் கட்டம் போட்டேன். டெஸ்ட் பேப்பரில் எழுதுவதுபோல மேலே என் பேர், வகுப்பு, ரோல் நம்பர். அதற்கும் மேலே 'என் அம்மாவின் வருமானம்' என்று தலைப்பு.

"பாத்தியா அத்தே?" என்று தாளை அவள் முகத்துக்கு நேராக ஆட்டினேன். அத்தை பிரியாணிக் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

நைனா தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பாக்கெட்டில் வைத்தார்.

"அது இன்னாத்துக்கு நைனா?"

"எம்பொண்ணு கணக்குல புலின்னு கேம்ப்ல எல்லாருக்கும் காட்ட வேணாமா?"

ஜம்முவோ எங்கேயோ, பனி கொட்டுகிற ஒரு இடத்தில், துப்பாக்கியோடு நிற்கிற ஆட்கள் எல்லாரும் என் கையெழுத்தைப் பார்க்கப்போகிறார்கள். சாயந்திரம் பஸ் ஏற்றி விடும்போது தம்பிக்கு ஒரு ரிமோட் கார் வாங்கித் தந்தார். வீடு வந்து சேர்ந்ததும் காரைப் பற்றியும் பிரியாணியைப் பற்றியும்தான் அம்மாவிடம் மூச்சுவிடாமல் பேசினோம். தாளை நான் மறந்தே போனேன்.

அதற்குப் பிறகு சித்தூரில் எங்கள் கேஸை நடத்துகிற வக்கீலம்மா ஆபீசுக்கு அம்மா என்னையும் கூட்டிப்போனாள். நைனாவின் சம்பளச் சீட்டு கோர்ட் வழியாக வந்து சேர்ந்திருந்தது. வக்கீலம்மா அதை மேஜையில் விரித்தார்.

"இந்தா, உன் வீட்டுக்காரர் சம்பளம்."

"வீட்டுக்காரர் இல்லம்மா இப்போ."

"சரி தாயே, இந்தப் புள்ளைங்களோட அப்பா. எடது பக்கம் வர்றது, வலது பக்கம் போறது. அடிப்படை சம்பளம், டி.ஏ., பட்டாளத்துல இருக்கிறதுக்குன்னே தனியா ஒரு தொகை, மத்த அலவன்ஸு. மொத்தம் முப்பத்தாறாயிரம். கையில வாங்கறது பதினேழாயிரம்னு காட்டறாரு. எப்படி?" பேனா முனை வலது பக்கத்தில் ஒரு இடத்தில் நின்றது. "பி.எஃப். பதினாலாயிரம். கேஸ் போடறதுக்கு முன்னாடி மாசம் ரெண்டாயிரம் போட்டுகினு இருந்த மனுஷன். இப்போ திடீர்னு சேமிப்பு மேல ஆசை."

"அப்போ அந்தப் பணம்?"

"எங்கியும் போவல. அவரு கணக்குலதான் கீது. கட்டாயம் புடிக்கிறத மட்டுந்தான் கோர்ட்டு கழிக்கும். அவரா இஷ்டப்பட்டு கூட போடறத திரும்ப சேத்துக்கும். அப்புறம் உன் சம்பாத்தியத்தையும் பாப்பாங்க. ரெண்டு பேரு வருமானத்தையும் எதிர் எதிரா வெச்சி, புள்ளைங்க செலவுல யாரு எவ்ளோ தாங்கணும்னு பிரிப்பாங்க. உனக்கு ரெண்டு மாசம் மாங்கா, மீதி நாள் கூலி கெடைச்சா உண்டு. அதனால பெரும்பங்கு அவரு தலையிலதான். பத்தாயிரம் நிக்கும், பாத்துக்கோ. ஆர்டர் வந்துட்டா பட்டாளத்து சம்பள ஆபீசுலயே புடிச்சி உன் அக்கவுண்டுக்கு அனுப்பிடுவாங்க. அவரு மனசு வெக்கணும்னு நீ காத்துகினு இருக்க வேணாம்."

பத்தாயிரம். அம்மா திரும்பி வருகிற வழியெல்லாம் விரலில் எண்ணிக்கொண்டு வந்தாள். என் ஸ்கூல் ஃபீஸ், தம்பியையும் அதே ஸ்கூலில் ஒண்ணாவது சேர்ப்பது, வாடகை. நைட் லோடுக்குப் போகாமல் இருப்பதை அவள் எண்ணவில்லை. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து, "அடுத்த சீசனுக்கு பகல் மட்டும் போனா போதும்டி" என்றாள்.

இப்படித்தான் நான் டை கட்டிக்கொண்டு கோர்ட்டில் நின்றது. வக்கீலம்மா என்னை ஹால் கதவோரமாக நிற்க வைத்துவிட்டு உள்ளே போனார். தம்பி பெரியம்மாவிடம் இருந்தான். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது. பேச்சு முழுக்கத் தெலுங்கு. ஸ்கூலில் பேசுகிற தெலுங்குதான், எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பி.எஃப். விஷயத்தில் வக்கீலம்மா நைனாவின் வக்கீலைப் பிரித்து மேய்ந்தார். பழைய சம்பளச் சீட்டு ஒன்று, புதுசு ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஜட்ஜ் நைனாவைப் பார்த்து, "என்னப்பா, எதிர்காலத்தைப் பத்தி இப்போதான் கவலை வந்துச்சா?" என்று கேட்க, ரெண்டு பேர் சிரித்தார்கள். நைனா விறைப்பாக நேரே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கி லேசானது எனக்குப் பின்பக்கமிருந்தே தெரிந்தது.

அப்போது நைனாவின் வக்கீல் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நாலாக மடித்த தடம் இருந்த தாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பாரேன், என் கணக்கு கோர்ட் வரைக்கும் வந்துவிட்டது!

"அந்தம்மாவுக்கு வருமானமே இல்லன்னு இவ்ளோ நேரம் பேசினாங்க. இதைக் கொஞ்சம் பாருங்க."

தாள் ஜட்ஜிடம் போய், அங்கிருந்து அம்மா கைக்கு வந்தது. அவள் ஏழாவது வரைதான் படித்தவள். ஆனால் அந்தத் தாளைப் படிக்க அவள் எடுத்துக்கொண்ட அவ்வளவு நேரம் தேவையே இல்லை.

"யார் எழுத்தும்மா இது?" என்று கேட்டார் ஜட்ஜ்.

"எம்பொண்ணுது சார்."

"இதுல இருக்கிறது நெஜமா?"

"அது சீசன்ல மட்டும் சார். ரெண்டே மாசம். அதுலயும் நைட் வேலை தெனமும் இருக்காது. மத்த நாள்ல..."

நைனாவின் வக்கீல் குறுக்கே விழுந்தார். "புள்ளை எதுக்கு சார் பொய் எழுதப்போவுது? இதோ வாசல்லயே நிக்குது. கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

"பத்து வயசுக் கொழந்தைய அப்பனுக்கும் அம்மாவுக்கும் நடுவுல நிறுத்தி கேக்கப்போறீங்களா?" வக்கீலம்மா சத்தம் போட்டார்.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். "ரெண்டு கேள்விதான். வரச் சொல்லுங்க."

நான் டையைச் சரிபண்ணிக்கொண்டேன். முப்பதால் பெருக்கு, பன்னிரண்டால் பெருக்கு. மனசுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்துக்கொண்டு ஹாலுக்குள் ரெண்டு அடி எடுத்தும் வைத்துவிட்டேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பல் தெரியச் சிரித்தேன்.

"வேணாம் சார்" என்றாள் அம்மா. "அதுல இருக்கிறது சரிதான். ஒத்துக்கறேன்."

வக்கீலம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார். ஜட்ஜ் குனிந்து கேட்டார். "யோசிச்சு சொல்லும்மா. வருஷம் பூரா உனக்கு இந்த வருமானமா?"

"ஆமா சார்."

அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். நைனா ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா பொரிந்து தள்ளினார். "புத்தி இருக்கா உனக்கு? மண்டிக்காரரக் கூட்டியாந்து சீசன் வேலைன்னு சொல்ல வெச்சிருப்பேனே! கையில வந்தத தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கறியே!"

"அது வாயால வரவேணாம்மா" என்றாள் அம்மா. "அவங்க நைனா பாத்துகினு இருக்க, அது அங்க கூண்டுல ஏறி நிக்க வேணாம். நாளைக்கு வளந்து பெருசாவும், நெனச்சி பாக்கும். விடுங்க."

அது என்றால் நான்தான் என்பது எனக்குப் புரிந்தது. என்னை ஏறவிடாமல் பண்ணியதே அவள்தான் என்பதும் புரிந்தது. பங்காருபாளையம் வரை நான் அவளோடு பேசவில்லை. ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தேன். அத்தனை பெரிய ஹாலில், ஜட்ஜுக்கே கணக்குச் சொல்லித் தந்திருக்கலாம். பசிக்கிறதா என்று கேட்டாள். முறுக்கு வாங்கி மடியில் வைத்தாள். தாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றுவரையிலும் இல்லை.

அடுத்த வாய்தாவில் ஆர்டர் வந்தது. தாய்க்கும் போதுமான வருமானம் இருப்பதால், ரெண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஐயாயிரம்.

தம்பியை ஊர் கவர்ன்மென்ட் ஸ்கூலில் போட்டார்கள். எனக்கு ஃபீஸ் கட்டியாக வேண்டும். சீசன் முடிந்து மண்டி காலியாகிவிட்டிருந்தது. அம்மா எங்களைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனாள். அங்கேயே மாடிப்படிக்குக் கீழே தங்கல். பதினைந்து நாளுக்கு ஒருதரம் வருவாள். நகத்து இடுக்கெல்லாம் ஃபினாயில் வாசனை அடிக்கும். தம்பி மூக்கைப் பொத்திக்கொள்வான். நானோ, அம்மாவுக்கு டவுனில் வேலை கிடைத்துவிட்டது என்று கிளாஸ் முழுக்க அளந்துவிட்டிருந்தேன்.

மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ வந்தபோது கேட்டேன்.

"லாட்ஜ்ல மாசம் எவ்ளோம்மா?"

"ஆறாயிரம்."

பன்னிரண்டால் பெருக்கினேன். எனக்குத் தாளெல்லாம் வேண்டாம், மனக்கணக்கு.

"எழுவத்திரெண்டாயிரந்தாம்மா வருது. கோர்ட்டுல ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் சம்பாரிக்கிறேன்னு ஒத்துக்கின. அப்போ அது பொய்யாம்மா?"

தம்பியின் தலையில் ஈர் உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"ஆமாண்டி" என்றாள். "பொய்தான்."

ஒரு ரூபாய் சாக்லேட் விஷயத்தில் பொய் சொன்னதற்காக என் தொடையில் சூடு போடப் போனவள் அவள். அப்படிப்பட்டவள் ஜட்ஜ் எதிரிலேயே பொய் சொல்லியிருக்கிறாளே என்று, எட்டாவது படிக்கிற வரைக்கும் அவள்மேல் எனக்கு ஒரு இளக்காரம் இருந்தது.